பயணக் கேள்வி பதில்: ஜெனோவாவில் இறங்கினால் பஸ் ஏறாதீர்கள்

போன இதழில் மத்தியதரைக் கடல் கப்பல் சுற்றுலா பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு நம் மலேசிய வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே ஊரைப் பற்றியவை: இத்தாலியின் ஜெனோவா. ரோமிலும் வெனிஸிலும் என்ன பார்ப்பது என்று எல்லாருக்கும் தெரியும் போலிருக்கிறது. ஜெனோவாவோ கப்பல் ஏறும் ஊர், அல்லது ஒரு பகல் நின்று போகும் ஊர். பயண முகவர் கொடுக்கும் தாளில் ஊர்ப் பெயர் இருக்கும், பக்கத்தில் ஒன்றும் இருக்காது. அதனால் இந்தத் தடவை பக்கம் முழுக்க அந்த ஊருக்கே. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லாருக்குமே இடத்தை மட்டும் போட்டிருக்கிறேன்.

பட்டர்வொர்த் வாசகி: கப்பல் காலை எட்டு மணிக்கு ஜெனோவா வந்து மாலை ஐந்துக்குக் கிளம்புகிறது. போர்ட்டோஃபினோவுக்கு அழைத்துப்போகிறோம் என்று கப்பலிலேயே டிக்கெட் விற்கிறார்கள். விலையைப் பார்த்ததும் தலை சுற்றுகிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள் அம்மா. போர்ட்டோஃபினோ அழகில்லை என்று சொல்லவில்லை. ஒரு குட்டி வளைகுடா, சுற்றிலும் மஞ்சளும் சிவப்புமாகச் சாயம் பூசிய வீடுகள், பணக்காரர்களின் படகுகள், அவ்வளவுதான். அதைப் பார்க்கப் போய் வருவதற்குள் பஸ், படகு, வரிசை என்று பாதிப் பொழுது கரைந்துவிடும். கப்பல்கள் அணையும் பயணிகள் துறை, பியாஸ்ஸா பிரின்சிப்பே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குக் கீழேயே இருக்கிறது. அங்கிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போய்விடலாம், டாக்சிகூட வேண்டாம். இப்படி வாசலிலேயே ஒரு ஊரை வைத்துக்கொண்டு, கப்பலை விட்டு இறங்கியதும் நேராகப் பஸ்ஸில் ஏறிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

நிலையத்திலிருந்து வியா பால்பி என்ற தெருவைப் பிடித்து நடந்தால் கொஞ்ச நேரத்தில் வியா கரிபால்டி வந்துவிடும். நீளம் ஏறக்குறைய 250 மீட்டர்தான், அகலமும் குறைவு, ஆனால் இரண்டு பக்கமும் மாளிகை மாளிகையாக நிற்கும், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். ஜெனோவா அந்தக் காலத்தில் குடியரசு, ராஜா கிடையாது. வெளிநாட்டு இளவரசரோ கார்டினலோ தூதரோ வந்தால் எங்கே தங்கவைப்பது? 1576-ல் செனட் ஒரு வழி கண்டுபிடித்தது. ஊர்ப் பணக்காரர்களின் வீடுகளைத் தரம் பிரித்துப் பட்டியல் போட்டு, விருந்தாளியின் அந்தஸ்துக்கு ஏற்ற தரத்தில் சீட்டுக் குலுக்கி, யார் வீடு விழுகிறதோ அவர் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று வைத்தார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியாது. அந்தப் பட்டியல்களுக்கு ரோல்லி என்று பெயர். அதில் இருந்த 42 மாளிகைகள் 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. உங்கள் ஜார்ஜ் டவுன் சேர்ந்தது 2008-ல். விருந்தாளி வருவான் என்று தெரிந்தால் கூடத்தை எப்படி வைத்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்! ஓவியர் ரூபென்ஸ் இந்த வீடுகளின் வரைபடங்களைச் சேகரித்து 1622-ல் அச்சிட்டே வெளியிட்டார்.

எல்லா மாளிகைக்குள்ளும் போக முடியாது, பல இன்று வங்கியும் அலுவலகமும் குடியிருப்புமாக இருக்கின்றன. பலாஸ்ஸோ ரோஸ்ஸோ, பலாஸ்ஸோ பியாங்கோ, தோரியா துர்ஸி மூன்றும் அருங்காட்சியகங்கள், மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். நேரம் குறைவென்றால் ரோஸ்ஸோ மட்டும் போதும், அதன் கூரைமேல் ஏறவிடுகிறார்கள். சாம்பல் நிறக் கற்பலகை வேய்ந்த கூரைகள் கீழே இறங்கி இறங்கிப் போய்த் துறைமுகத்துக் கிரேன்களில் முடியும்.

அங்கிருந்து கடல் பக்கமாக எந்தச் சந்தில் வேண்டுமானாலும் இறங்குங்கள். இந்தச் சந்துகளைக் கருஜ்ஜி என்கிறார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலத்தில், ஆறு ஏழு மாடி வீடுகளுக்கு நடுவில், வானம் ஒரு நாடா அளவுக்குத்தான் தெரியும். மூலைக்கு மூலை சுவரில் மாதா மாடங்கள் இருக்கும், சில பளிங்கில், சில வெறும் கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பூவோடு. வழி தவறினால் பதற வேண்டாம், சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் துறைமுகம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், சொந்தமாகச் சுற்றப் போனவருக்குக் காத்திருக்காது. ஐந்து மணிக்குக் கிளம்புகிறது என்றால் அதற்கு முன்பே எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். எத்தனை மணிக்குள் என்று இறங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

செந்தூல் வாசகர்: ஜெனோவாவில் ஒரு தேவாலயத்துக்குள் பீரங்கிக் குண்டு இருக்கிறது, அது மலாயா போட்ட குண்டு என்று என் அண்ணன் அடித்துச் சொல்கிறார். கதை விடுகிறாரா?

உங்கள் அண்ணன் சொல்வது உண்மை, ஆனால் மலாயா என்றது நாட்டை அல்ல, ஒரு கப்பலை. அந்தக் கப்பலுக்குப் பணம் போனதோ நம் நாட்டிலிருந்துதான்.

1912-ல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் அரசு, பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பல் கட்டித் தருவதாகச் சொன்னது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் சேர்ந்த கூட்டு அது, தலைநகர் கோலாலம்பூர். பினாங்கு அப்போது நீரிணைக் குடியேற்றத்தில் இருந்ததால் பினாங்குக்காரர்கள் இந்த விஷயத்தில் கைகழுவிக்கொள்ளலாம். அரசுக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? ஒரு பெரிய பங்கு ஈயத்துக்குப் போட்ட வரியிலிருந்து, பிறகு ரப்பரும் சேர்ந்துகொண்டது. ஈயம் தோண்டியவர் யார், பால் மரம் வெட்டியவர் யார், தண்டவாளம் போட்டவர் யார் என்று இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களிடம் யாரும் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்கவில்லை. 1915-ல் இங்கிலாந்தில் கடலில் இறங்கிய அந்தக் கப்பலுக்கு எச்.எம்.எஸ். மலாயா என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷமே, முதல் உலகப் போரின் ஜட்லாந்து கடற்போரில் நன்றாக அடி வாங்கித் தப்பித்தது.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். 1941 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை, ஜிப்ரால்டரிலிருந்து வந்த பிரிட்டிஷ் கப்பல்கள் ஜெனோவாவைக் கடலிலிருந்து சுட்டன. துறைமுகமும் தொழிற்சாலைகளும்தான் குறி என்றாலும் குண்டுகள் ஊருக்குள்ளும் விழுந்தன, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மலாயா சுட்ட 381 மில்லிமீட்டர் குண்டு ஒன்று, 870 கிலோவுக்கும் மேல் எடை, சான் லொரென்ஸோ பேராலயத்தின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது. வெடிக்கவில்லை. போர்க்கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைத்த பிறகு வெடிக்கும்படி செய்த குண்டு அது, பழைய கல் சுவர் அதன் திரியைத் தட்டிவிடும் அளவுக்குக் கெட்டியாக இல்லை. ஊர்க்காரர்களுக்கு மாதாவின் அற்புதம். சுவரில் கல்வெட்டு வைத்து நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட முகப்பு, படிக்கட்டில் இரண்டு கல் சிங்கங்கள், இதுதான் அடையாளம். எல்லாரும் சிங்கத்தோடு படம் எடுத்துக்கொண்டு உள்ளே எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் உள்ளே போய் வலப்பக்க ஓரமாக நடங்கள். குண்டு நிமிர்த்தி நிறுத்தியிருக்கும். பக்கத்தில் உள்ள கல்வெட்டு ஆங்கிலேயர் கப்பற்படை எறிந்தது என்றுதான் சொல்கிறது, மலாயா என்ற பெயர் அதில் இல்லை. தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும், பூசை நேரத்தில் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். உள்ளேயே கருவூல அருங்காட்சியகம் இருக்கிறது, அதில் ஒரு பச்சைக் கண்ணாடித் தட்டு. பல நூற்றாண்டு அதை ஒரே மரகதம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள், நெப்போலியன் பாரிஸுக்கு எடுத்துப்போய் உடைந்து திரும்பி வந்தது. டிக்கெட் தனி, ஆர்வம் இருந்தால் பாருங்கள். குண்டைப் பார்க்காமல் மட்டும் வராதீர்கள்.

ஜெலுத்தோங் வாசகி: நாங்கள் சுத்த சைவம், மாமியார் முட்டைகூடத் தொடமாட்டார். மேகி கட்டிக்கொண்டு போகவா?

மேகி இருக்கட்டும், ஆபத்துக்கு உதவும், ஆனால் கப்பல் அறையில் பெரும்பாலும் கேத்தல் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஜெனோவாவில் உங்களுக்குப் பயமே வேண்டாம். ஃபரினாத்தா என்று ஒன்று இருக்கிறது: கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, வேறு ஒன்றும் கிடையாது. கடலை மாவு அடை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க வேண்டிய அளவு அகலமான செம்புத் தட்டில் மாவைத் தண்ணியாக ஊற்றி விறகடுப்புக்குள் தள்ளுவார்கள். ஓரம் மொறுமொறுப்பாக, மேலே அங்கங்கே கருகி, நடுவில் மெத்தென்று வரும். துண்டு போட்டுத் தாளில் வைத்துக் கொடுப்பார்கள், மேலே மிளகுத் தூளைத் தூவிச் சூட்டோடு சாப்பிட வேண்டும், ஆறினால் ஒன்றுமே இல்லை. சில கடைகளில் குட்டி மீன் போட்டும் செய்வார்கள், அதனால் வெறும் ஃபரினாத்தா என்று கேட்டு வாங்குங்கள். பனிஸ்ஸா என்பதும் கடலை மாவுதான், களியாகக் கிண்டி ஆறவைத்துத் துண்டு போட்டுப் பொரிப்பது.

பெஸ்தோ பிறந்த ஊரும் இதுதான். துளசி இனத்து இலை, பைன் கொட்டை, பூண்டு, உப்பு, ஆலிவ் எண்ணெய், சீஸ், இவற்றை உரலில் இடிப்பது. மாட்டும் இடம் சீஸ். பார்மிஜானோ சீஸில் பாலைத் திரிய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட்டைத்தான் சேர்க்கிறார்கள், அதன் செய்முறையே அப்படி. உங்கள் மாமியார் அந்த அளவுக்குப் பார்ப்பவர் என்றால் சீஸ் இல்லாமல் கேளுங்கள், ‘சென்சா ஃபொர்மாஜ்ஜோ’. உணவகத்தில் முன்கூட்டியே அரைத்து வைத்திருந்தால் முடியாது என்று சொல்லிவிடுவார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். பசியாறுவதற்கு ஃபோக்காச்சியா ரொட்டி, முறைப்படி ஆலிவ் எண்ணெயில் செய்வது, ஆனால் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் பேக்கரியும் உண்டு, ‘ஸ்த்ருத்தோ’ இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஊர்க்காரர்கள் இதைக் காப்பியில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். உப்பு ரொட்டியைப் பால் காப்பியில்! எனக்குப் பிடித்தது.

உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்ந்திருக்கும். ஏமாற்று இல்லை, மேசைக்கான கட்டணம்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: அம்மாவுக்கு மூட்டு வலி. ஜெனோவா மலைச்சரிவில் இருக்கிறதாமே. அவரைக் கப்பலிலேயே விட்டுவிட்டுப் போவதா?

விட்டுவிட்டுப் போகாதீர்கள் ஐயா. மலைச்சரிவு என்பதால்தான் அந்த ஊரில் மின்தூக்கியும் கயிற்று ரயிலும் பஸ்ஸைப் போலப் பொதுப் போக்குவரத்தாக ஓடுகின்றன. வியா பால்பியிலிருந்து காஸ்தெல்லோ தால்பெர்த்திஸ் மாளிகைக்குப் போகும் மின்தூக்கியில் அம்மாவை ஏற்றிப் பாருங்கள். ஏறியதும் அது மேலே போகாது, ரயில் பெட்டி மாதிரி மலைக்குள் சுரங்கத்தில் கிடையாக ஓடும், அப்புறம் ஒரு இடத்தில் நின்று, அதே பெட்டி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். சின்னப் பிள்ளைகள் இறங்க மறுத்து அழும். பியாஸ்ஸா போர்த்தெல்லோவிலிருந்து காஸ்தெல்லெத்தோ மேட்டுக்கு 1909-ல் போட்ட மின்தூக்கி இன்னொன்று, மேலே பெஞ்சு உண்டு, ஊர் முழுக்கத் தெரியும். ஸெக்கா என்ற இடத்திலிருந்து ரீகி மலைக்குக் கயிற்று ரயில், நம் பினாங்குக் கொடிமலையில் ஓடும் வகைதான், ஆனால் அதில் வருகிறவர்கள் பாதிப் பேர் காய்கறிப் பையோடு வீட்டுக்குப் போகிறவர்கள்.

அம்மாவுக்குச் சிரமம் கொடுப்பது சந்துகள்தான், கல் பாவிய தரை, அங்கங்கே படி. பழைய துறைமுகப் பக்கம் சமதளம், சக்கர நாற்காலியும் போகும்.

செராஸ் வாசகி: எனக்கும் பிள்ளைகளுக்கும் மலேசியக் கடப்பிதழ். அம்மா சிவப்பு அடையாள அட்டை, இந்தியக் கடப்பிதழ். முகவர் யாருக்கும் விசா வேண்டாம் என்கிறார். சரியா?

சரியில்லை. வேறு ஆளைக்கூடக் கேளுங்கள். மலேசியக் குடிமக்களுக்கு ஷெங்கன் நாடுகளில் (இத்தாலி உட்பட, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) 180 நாளுக்குள் 90 நாள்வரை விசா தேவையில்லை. அம்மா இங்கே எத்தனை வருஷம் நிரந்தரவாசியாக இருந்தாலும் கணக்கில் வருவது கடப்பிதழ், ஆகவே ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும். கப்பல் நடுவில் துனீசியா போன்ற ஷெங்கன் அல்லாத நாட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் பல முறை நுழையும் விசா கேளுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதியும் காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம்வரை இழுக்காதீர்கள். உங்கள் கடப்பிதழ்கள், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதமாவது செல்ல வேண்டும்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: கொலம்பஸ் பிறந்த வீட்டுக்குப் போகலாமா?

வெளியே நின்று பாருங்கள், போதும். அவர் சிறுவயதில் இருந்ததாகச் சொல்லும் வீடு 1684-ல் பிரெஞ்சுக் குண்டுவீச்சில் போய்விட்டது, இப்போது இருப்பது பதினெட்டாம் நூற்றாண்டில் மறுபடி கட்டியது. பக்கத்தில் இருக்கும் போர்த்தா சொப்ரானா, பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோட்டை வாசல், அதுதான் நிஜமான பழசு.

எனக்கு கொலம்பஸைவிடப் பழைய துறைமுகத்தில் நிற்கும் பலாஸ்ஸோ சான் ஜோர்ஜோ முக்கியம். 1260-ல் கட்டத் தொடங்கிய கட்டடம், இப்போது துறைமுக ஆணைய அலுவலகம். வெனிஸ்காரர் மார்க்கோ போலோ ஜெனோவாவிடம் போரில் பிடிபட்டுச் சிறையில் இருந்தபோது, 1298-ல், கூட இருந்த ருஸ்திக்கெல்லோ என்ற எழுத்தாளரிடம் தம் பயணக் கதையைச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். சிறை இந்தக் கட்டடம்தான் என்பது ஊரில் சொல்லிவரும் கதை. பாண்டிய நாட்டு முத்துக் குளிப்பும், காயல் துறைமுகத்தில் வந்து நிற்கும் குதிரைக் கப்பல்களும் அந்தச் சிறையில் சொன்ன கதையில் வருகின்றன. தாமிரபரணிப் பக்கத்துப் பூர்வீகம் உள்ளவர்கள் கட்டடத்துக்கு முன்னால் ஒரு படமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கெப்போங் வாசகி: பிள்ளைகள் அக்வேரியம் அக்வேரியம் என்று அரிக்கிறார்கள்.

பெரிது, நன்றாக இருக்கும், விலையும் அப்படித்தான். கொலம்பஸ் புறப்பட்டு 500 வருஷம் ஆனதற்காக 1992-ல் துறைமுகத்தைப் புதுப்பித்தபோது, அதே ஊர்க்காரரான கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோவின் திட்டத்தில் வந்தது. மீனைக் கோலாலம்பூர் கே.எல்.சி.சி. அக்வேரியத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. பக்கத்திலேயே கலாத்தா கடல் அருங்காட்சியகம், வாசலில் தண்ணீரில் மிதக்கும் நிஜ நீர்மூழ்கிக் கப்பல், உள்ளே இறங்கிப் போகலாம். பிள்ளைகளுக்கு அது மீனைவிடப் பிடிக்கும்.

பெரியவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் பிழைக்கப் போன இத்தாலியர்கள் லட்சக்கணக்கில் கப்பல் ஏறியது இந்தத் துறைமுகத்தில்தான். அவர்களுக்காக 2022-ல் தனி அருங்காட்சியகமே திறந்தார்கள், பிரின்சிப்பே நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய யாத்ரீகர் சத்திரக் கட்டடத்தில். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிய தாத்தா பாட்டி இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே நிறைய பேச விஷயம் கிடைக்கும்.

பூலாவ் திக்குஸ் வாசகி: ஸ்தாலியேனோ கல்லறைத் தோட்டம் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் கணவர். காசு செலவழித்துப் போய் இடுகாட்டையா பார்ப்பது?

கணவர் பக்கம்தான் நான். 1851-ல் திறந்தது, மலைச்சரிவு முழுக்கப் பளிங்குச் சிலைகள். பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு வைத்தவை. அத்தனைக்கும் நடுவில் கத்தரீனா கம்போதோனிக்கோ என்ற கிழவியின் சிலை நிற்கிறது. அவர் திருவிழாத் திருவிழாவாகப் போய்க் கொட்டையும் பலகாரமும் விற்றவர். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய் ஊரிலேயே பெரிய சிற்பியிடம் கொடுத்து, உயிரோடு இருக்கும்போதே, 1881-ல், தமக்குச் சிலை செய்துகொண்டார். சரிகைச் சால்வை, கையில் கோத்த கொட்டை மாலை, வளையமாகச் சுட்ட ரொட்டி, பாவாடை மடிப்பு வரைக்கும் அப்படியே செதுக்கியிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நம்மால் ஊகிக்க முடியும். பஸ்ஸில் போக வேண்டிய தூரம், கப்பல் பயணிகளுக்கு நேரம் போதாது. இரவு தங்குகிறவர்கள் போங்கள்.

வங்சா மாஜு வாசகர்: ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் போகலாமா? திருட்டுப் பயம் உண்டா?

அக்டோபர், நவம்பர் அங்கே கடும் மழைக்காலம். மலை ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம் இருப்பதால் கொட்டினால் ஒரே இடத்தில் கொட்டும், 2011-லும் 2014-லும் ஊருக்குள் வெள்ளம் பாய்ந்தது. டிசம்பர் நடுவில் போனால் குளிர் தாங்கும், பகலில் பத்துப் பன்னிரண்டு டிகிரி.

சந்துகளில் பகலில் தயங்க வேண்டாம். இருட்டிய பிறகு வியா தி பிரே, மத்தலேனா பக்கத்துச் சந்துகளில் குடும்பத்தோடு சுற்ற வேண்டாம். பிரின்சிப்பே நிலையத்திலும் பஸ்ஸிலும் பிக்பாக்கெட் உண்டு, பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். மிலானிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வட்டார ரயிலின் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் மேடையிலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். டிக்கெட் கையில் இருந்தாலும் முத்திரை இல்லையென்றால் அபராதம்தான், சுற்றுலாப் பயணி என்று சொன்னால் எல்லாப் பரிசோதகரும் விடமாட்டார்கள்.